நடைநம்பிக்கை வினாநிரலின் தமிழாக்கத்தில் சொற்பொருட் சிக்கல்கள்: ஈக்காட்டுத்தாங்கல் முதியோரின் நடைவெளியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

முதியோர் தம் நடையின்மீது கொண்டுள்ள நம்பிக்கையை அளக்கும் வினாநிரல்கள் ஆங்கிலத்தில் உருவானவை. துருக்கி உள்ளிட்ட பிற மொழி பேசும் முதியோருக்கு அவற்றைத் தகவமைக்கும் முயற்சிகள் மருத்துவத்துறையில் நடைபெறுகின்றன. அத்தகைய வினாநிரலொன்றைத் தமிழ் முதியோருக்குரியதாக்கும்போது எழும் மொழிச் சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது. 'நம்பிக்கை' என்னும் சொல்லின் பொருள் விரிவு, 'முடியும்' என்னும் துணைவினையின் பயன்பாடு, வினாக்கள் சுட்டும் நடைவெளி, எண்வழி மதிப்பீடு, வினவும் சூழல் ஆகிய ஐந்தும் இங்கு ஆராயப்படுகின்றன. சென்னை ஈக்காட்டுத்தாங்கல் பகுதியின் தெருவும் வீடும் எடுத்துக்காட்டுக் களமாகக் கொள்ளப்படுகின்றன. இக்கட்டுரை கள அளவீட்டின் முடிவுகளைத் தருவதன்று. அளவீட்டுக்கு முன்னர் முடிக்கப்படவேண்டிய மொழியாய்வுப் பணியை எடுத்துரைப்பது.

திறவுச்சொற்கள்: நடைநம்பிக்கை, தன்திறனுணர்வு, பண்பாட்டுத் தகவமைப்பு, பின்மொழிபெயர்ப்பு, இரட்டை வழக்கு, முதியோர் தமிழ்.

1. முன்னுரை

முதுமையில் ஒருவர் நடக்கிறாரா என்பதும், தம்மால் நடக்க இயலும் என்று அவர் கருதுகிறாரா என்பதும் வேறு வேறு வினாக்கள். முன்னதை மருத்துவர் கண்ணால் கண்டும் கடிகாரத்தால் அளந்தும் அறியலாம். பின்னதை அறிய அவரிடமே கேட்கவேண்டும். கேட்பதற்கு மொழி வேண்டும். எனவே இரண்டாம் வினா மருத்துவத்துக்கு உரியதாக இருக்குமளவு மொழியியலுக்கும் உரியதாகிறது.

இவ்வினா சிறியதன்று. உலக அளவில் விழுதலால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 10.4 விழுக்காடு. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு அண்மையிலுள்ள குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்று ஈக்காட்டுத்தாங்கல். அங்கிருந்து வரும் ஒரு மூதாட்டியிடம் 'படியில் இறங்க உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது?' என்று வினவினால் அவர் கூறும் விடை ஓர் எண்ணாகப் பதிவாகும். அவ்வெண்ணைக் கொண்டு அவருக்கு இயன்முறைப் பயிற்சி தேவையா, இல்லையா என்பது முடிவாகலாம். வினாவில் உள்ள ஒரு சொல் அவர் செவியில் வேறு பொருள்பட ஒலித்திருந்தால் முடிவும் பிழைபடும். இப்பிழை எவ்வாறு நேர்கிறது, அதனைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

2. அளவுகோல்களின் பின்புலம்

1977ஆம் ஆண்டு உளவியலறிஞர் ஆல்பர்ட் பந்தூரா தன்திறனுணர்வு என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்தார். குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்துமுடிக்கத் தம்மால் இயலும் என ஒருவர் கொள்ளும் துணிபே அது. செயலால் நற்பயன் விளையும் என்னும் எதிர்பார்ப்பினின்றும் அவர் அதனைப் பிரித்துக் காட்டினார். இவ்வேறுபாடு பின்னர் ஆராயப்படும் தமிழ்ச் சொற்சிக்கலுக்கு அடிப்படையாகும்.

இக்கருத்தாக்கத்தை முதியோர் நலத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் மேரி டினெட்டி முன்னோடி. அவரும் உடன் ஆய்வாளரும் 1990ஆம் ஆண்டு பத்து வினாக்கள் கொண்ட விழுதல்சார் தன்திறன் அளவுகோலை வெளியிட்டனர். 1995ஆம் ஆண்டு பவல், மையர்ஸ் ஆகியோர் பதினாறு செயல்களைக் கொண்ட சமநிலை நம்பிக்கை அளவுகோலை அமைத்தனர். 2005ஆம் ஆண்டு யார்ட்லியும் பிறரும் வெளியிட்ட பன்னாட்டு அளவுகோல் 'நம்பிக்கை' என்பதை விடுத்து, விழுந்துவிடுவோமோ என்னும் 'கவலை'யை வினாவின் மையமாக்கியது. 2012ஆம் ஆண்டு வெளியான திருத்திய நடைத்திறன் அளவுகோல் நடையை மட்டுமே பொருளாகக் கொள்கிறது. சமதரையில் நடத்தல், புல்தரையில் நடத்தல், தடையைக் கடத்தல், நடைபாதை விளிம்பில் ஏறுதல், அதிலிருந்து இறங்குதல், கைப்பிடியுடனும் கைப்பிடியின்றியும் மாடிப்படி ஏறுதல், இறங்குதல், ஏறத்தாழ அரை மைல் நடத்தல் எனப் பத்து வினாக்கள் இதில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் பத்துவரை மதிப்பெண் உண்டு. ஒன்று என்பது நம்பிக்கையே இல்லை என்பதையும் பத்து என்பது முழு நம்பிக்கையையும் குறிக்கும். இக்கட்டுரை இவ்வளவுகோலையே எடுத்துக்கொள்கிறது.

அச்சமும் நம்பிக்கையும் ஒரே கோட்டின் இரு முனைகள் அல்ல என்பது இவ்வரலாற்றால் விளங்கும். தமிழ் மரபும் இதனையே உணர்த்துகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தையும் பெருமிதத்தையும் தனித்தனி மெய்ப்பாடுகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிலைக்களன்களைக் கூறுகிறது. பெருமிதத்தின் நிலைக்களன்களுள் ஒன்றாக அஞ்சாமையாகிய தறுகண் இடம்பெறுகிறது. எனினும் கல்வி, புகழ், கொடை ஆகியவையும் அதனோடு வைக்கப்படுகின்றன. அச்சமின்மை மட்டும் ஒருவரிடம் உறுதியை உண்டாக்கிவிடாது. அஞ்சியபடியே படியிறங்குவோரும் உளர்; அச்சமே இன்றித் தடுமாறுவோரும் உளர். எனவே 'பயமாக இருக்கிறதா?' என்று வினவுவது நடைநம்பிக்கை வினாவுக்கு மாற்றாகாது.

3. மொழிபெயர்ப்பு நெறியும் தமிழ் முன்னனுபவமும்

தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளாகத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் ஆகிய நான்கைக் கூறுகிறது. மொழிபெயர்த்தல் வழிநூலாக்கத்தின் ஒரு வகையாகக் கொள்ளப்பட்டிருப்பது கருதத்தக்கது. வழிநூல் முதனூலின் முடிபோடு ஒத்திருக்கவேண்டும். அதேவேளை தனக்குரிய வேறுபாட்டையும் உடையதாக இருக்கும். வினாநிரல் தகவமைப்பு வேண்டுவதும் இதுவே: சொல் மாறலாம், எடுத்துக்காட்டு மாறலாம், அளக்கப்படும் பொருள் மாறலாகாது.

மருத்துவத்தைத் தமிழில் சொல்லும் முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்து, மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் வெளியிட்டார். அவர் எதிர்கொண்டது கலைச்சொல் சிக்கல். உறுப்புக்கும் நோய்க்கும் பெயர் காண்பது அப்பணி. வினாநிரலாக்கமோ கலைச்சொல்லைத் தவிர்த்து, பள்ளி செல்லாதவரும் உணரும் அன்றாடச் சொல்லைத் தேடவேண்டிய பணி. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இயங்குகின்றன.

அண்மைக்கால முன்மாதிரிகள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. உலகச் சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் தர அளவுகோலை உருவாக்கியபோது பதினைந்து களமையங்களுள் ஒன்றாகச் சென்னை அமைந்தது. அளவுகோலை ஒரு மொழியில் முடித்துப் பின்னர்ப் பெயர்க்காமல், பல மொழிச் சூழல்களில் ஒருங்கே உருவாக்கியது அத்திட்டத்தின் சிறப்பு. மற்றொன்று, அரியானாவின் பல்லப்கரில் மேற்கொள்ளப்பட்டு 1995ஆம் ஆண்டு வெளியான இந்தி மனநிலைச் சோதனை. எழுத்தறியா முதியோரிடம் வாக்கியம் எழுதச் சொல்வது அறிவாற்றலை அளப்பதாகாது, பள்ளிப்படிப்பை அளப்பதாகும் என்பதால் அவ்வினா வாய்மொழியாக ஏதேனும் சொல்லும்படி மாற்றப்பட்டது. வினாவின் வடிவம் மாறியது, நோக்கம் காக்கப்பட்டது.

பொதுவாகப் பின்பற்றப்படும் நெறியைப் பீட்டனும் உடன் ஆய்வாளரும் 2000ஆம் ஆண்டு தொகுத்துரைத்தனர். இருவர் தனித்தனியே மொழிபெயர்த்தல், இரண்டையும் இணைத்தல், மூலத்தை அறியாதோர் பின்மொழிபெயர்த்தல், வல்லுநர் குழு ஆராய்தல், முப்பது முதல் நாற்பது பேரிடம் முன்சோதித்தல் என்பன அதன் படிகள். இந்நெறி தேவையானது. ஆயினும் தமிழைப் பொறுத்தவரை அது போதுமானதன்று என்பது பின்வரும் பகுதிகளில் புலப்படும்.

4. 'நம்பிக்கை': ஒரு சொல், நான்கு பொருள்

மூல வினாவின் மையச் சொல்லுக்கு அகராதிகள் தரும் நேர்ச்சொல் 'நம்பிக்கை'. இன்றைய தமிழில் இச்சொல் குறைந்தது நான்கு பொருளில் வழங்குகிறது. 'கடவுள் நம்பிக்கை' என்பதில் பற்றுறுதி. 'அவர்மேல் நம்பிக்கை உண்டு' என்பதில் பிறர்மேல் வைக்கும் உறுதிப்பாடு. 'கால் குணமாகிவிடும் என்ற நம்பிக்கை' என்பதில் நல்லது நடக்குமென்னும் எதிர்பார்ப்பு. 'என்னால் முடியும் என்ற நம்பிக்கை' என்பதில் தன்திறனுணர்வு. ஆங்கிலம் இந்நான்குக்கும் வேறு வேறு சொற்களை உடையது. தமிழில் இவை ஒரு சொல்லில் அடங்குகின்றன.

தொல்காப்பிய உரியியல் 'நம்பு' என்னும் உரிச்சொல்லுக்கு நசை, அதாவது விருப்பம், எனப் பொருள் கூறுகிறது. விருப்பத்தின் சாயல் இச்சொல்லை இன்னும் முற்றிலும் நீங்கவில்லை எனலாம். 'படியில் பத்திரமாக இறங்க முடியும் என்று எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது?' என வினவும்போது, 'நம்பிக்கை இருக்கிறது; கடவுள் பார்த்துக்கொள்வார்' என்னும் விடை இயல்பாக வருவது இதனாலேயே. இவ்விடை உயர்ந்த மதிப்பெண்ணாகப் பதிவாகும். ஆனால் அது பந்தூரா கூறிய தன்திறனுணர்வு அன்று; அவர் விலக்கிய பயன் எதிர்பார்ப்புக்கே அணுக்கமானது.

துருக்கி மொழியோடு ஒப்பிடுதல் இவ்விடத்தில் தெளிவு தரும். அம்மொழியில் நம்பிக்கைக்குரிய 'கியுவென்' என்னும் சொல்லும், நல்லது நடக்குமென்னும் எதிர்பார்ப்புக்குரிய 'உமுத்' என்னும் சொல்லும் வேறானவை. ஆகவே தமிழில் எழும் மயக்கம் அங்கு எழாது. ஆனால் 'பாதுகாப்பான' என்னும் பொருளுடைய துருக்கிச் சொல்லும் 'கியுவென்' என்னும் வேரினின்றே பிறக்கிறது. 'பாதுகாப்பாக நடப்பதில் நம்பிக்கை' என்னும் தொடரின் இரு கூறுகளும் அங்கு ஒரு வேர்ச்சொல்லை நாடி ஒன்றுகூடும். ஒரே வினா ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வோரிடத்தில் இடறுகிறது. ஒரு மொழியில் வெற்றிபெற்ற தகவமைப்பைப் பார்த்துப் பிறிதொரு மொழி தன் சிக்கல் தீர்ந்ததாகக் கொள்ள இயலாது.

மாற்றுச் சொற்களை ஆராயலாம். 'தைரியம்' சென்னைப் பேச்சுவழக்கில் மிகுதியாக வழங்குவது. 'தைரியமா இறங்குவேன்' என்பர். ஆனால் அது ஒழுக்க மதிப்புடைய சொல். தைரியம் இல்லை என ஒப்புக்கொள்வது இழுக்கெனக் கருதப்படும். மேலும் தைரியம் இடர் உண்டென அறிந்தும் முன்செல்வதைக் குறிக்கும். இடரின்றிச் செய்துமுடிக்கலாம் என்னும் மதிப்பீட்டைக் குறிக்காது. 'தன்னம்பிக்கை' மேடைப்பேச்சாலும் பாடநூலாலும் பரவிய சொல். ஒருவரின் பொதுவான ஆளுமையைச் சுட்டுமேயன்றி இந்தப் படி, இந்தக் கால் எனக் குறிப்பிட்ட செயலைச் சுட்டாது. 'உறுதி' ஓரளவு பொருந்துகிறது. ஆயினும் 'உடல் உறுதி', 'உறுதியளித்தல்' என்னும் வழக்குகளின் சாயல் அதில் உண்டு.

இங்குப் பேச்சுவழக்கு ஒரு வழி காட்டுகிறது. 'இந்தக் காலை நம்பி வெளியே போக முடியாது' என்பது முதியோர் வாயில் இயல்பாக வழங்கும் தொடரமைப்பு. பெயர்ச்சொல்லான 'நம்பிக்கை' எதிர்பார்ப்பின் பக்கம் சாய்ந்தாலும், இரண்டாம் வேற்றுமையேற்ற பெயரோடு வரும் 'நம்பி' என்னும் வினையெச்சம் சார்ந்துநிற்றல் என்னும் பொருளைத் தெளிவாகக் காக்கிறது. எதனைச் சார்ந்து நிற்பது என்பதும் தொடரிலேயே வெளிப்படுகிறது. மகனை நம்பியா, கைப்பிடியை நம்பியா, தன் காலை நம்பியா என்னும் வேறுபாடு இவ்வமைப்பில் மறைய இயலாது. எனவே முதன்மை வினாவில் 'எந்த அளவுக்கு உறுதியாகச் சொல்வீர்கள்' என்னும் தொடரையும், விடையைச் சரிபார்க்கும் துணைவினாவில் 'உங்கள் காலை நம்பி' என்னும் தொடரையும் பயன்படுத்தலாம் என்பது இக்கட்டுரையின் பரிந்துரை.

5. 'முடியும்', 'பத்திரமாக': வினாத்தொடரின் அமைப்பு

தன்திறனுணர்வு 'செய்வேன்' என்பதைப் பற்றியதன்று. 'செய்ய முடியும்' என்பதைப் பற்றியது. தமிழில் 'உங்களால் இறங்க முடியுமா?' என மூன்றாம் வேற்றுமையோடு வரும் அமைப்பு திறனைச் சுட்டும். 'இறங்கலாமா?' என்பது இசைவையும், 'இறங்குவீர்களா?' என்பது வழக்கத்தையும் சுட்டும். துருக்கி மொழியில் திறனும் இசைவும் ஒரே விகுதியால் உணர்த்தப்படுகின்றன. தமிழில் அவை பிரிந்திருப்பது நமக்கு வாய்ப்பாகும். ஆயினும் 'இறங்க முடியுமா?' என்பது நேரில் கேட்கப்படும்போது வேண்டுகோளாகவும் ஒலிக்கும். எதிரில் படி இருந்தால் முதியவர் எழுந்து இறங்கிக் காட்டவும் முற்படலாம். ஆகையால் நிபந்தனை எச்சம் தேவைப்படுகிறது.

நிபந்தனை எச்சத்துக்கு இன்னொரு தேவையும் உண்டு. 'நான் மாடிக்கே போவதில்லையே' என்பது பலர் கூறக்கூடிய விடை. செய்யாத செயலுக்கு மதிப்பெண் இடுவது எங்ஙனம்? 2005ஆம் ஆண்டுப் பன்னாட்டு அளவுகோல், அச்செயலைச் செய்வதாக எண்ணிப் பார்த்து விடை கூறுமாறு அறிவுறுத்துகிறது. தமிழில் 'இறங்கினால்' என்பதைவிட 'இறங்க வேண்டி வந்தால்' என்பது பொருத்தமானது. மின்தூக்கி பழுதான நாளை அது நினைவூட்டுகிறது. தாமே விரும்பிச் செல்லாவிடினும் நேரக்கூடிய சூழல் என்பதை உணர்த்துகிறது.

'பாதுகாப்பாக' என்னும் சொல் எழுத்துத் தமிழுக்கு உரியது. காவல், பிறரது காப்பு என்னும் பொருள்களையும் தழுவியது. 'விழாமல்' என்று பெயர்த்தால் அச்சத்தின் அளவுகோலாக வினா திரிந்துவிடும். 'நிதானமாக' என்றால் வேகத்தைப் பற்றியதாகிவிடும். 'பத்திரமாக' என்பதே சென்னையில் வாசலில் நின்று வழியனுப்புவோர் வாயிலிருந்து நாள்தோறும் வரும் சொல். கவனம், கேடின்மை ஆகிய இரண்டையும் அது தழுவுகிறது. ஆகவே வினாத்தொடர் பின்வருமாறு அமையலாம்: 'படியில் இறங்க வேண்டி வந்தால், உங்களால் பத்திரமாக இறங்க முடியும் என்று எந்த அளவுக்கு உறுதியாகச் சொல்வீர்கள்?'

தமிழின் இரட்டை வழக்கு காரணமாக அச்சிட்ட வடிவத்தோடு பேச்சு வடிவத்தையும் வரையறுத்துத் தருவது இன்றியமையாதது. 'படி எறங்க வேண்டி வந்தா, உங்களால பத்திரமா எறங்க முடியும்னு எந்த அளவுக்கு உறுதியா சொல்வீங்க?' என்பது அவ்வடிவம். இதனை எழுதித் தராவிடில் வினவுவோர் ஒவ்வொருவரும் நேரத்துக்கேற்பத் தாமே பேச்சுத்தமிழாக்கிக் கொள்வர். ஒருவர் 'தைரியமா இருக்கா?' என்பார், மற்றொருவர் 'பயமா இருக்கா?' என்பார். அச்சில் ஒன்றாகத் தோன்றும் வினாநிரல் களத்தில் பலவாகிவிடும்.

6. நடைவெளி: வினாவின் புறப்பொருள்

'தாங்கல்' என்பது நீர்நிலையைக் குறிக்கும் சொல். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் போலத் தொண்டைமண்டல ஊர்ப்பெயர்களில் இது பயில்கிறது. ஈக்காட்டுத்தாங்கல் அடையாற்றை ஒட்டிய பகுதி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பெரிதும் பாதிக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் அங்கு உயர்மட்ட மெட்ரோ நிலையமும் செயல்படத் தொடங்கியது. ஒருபுறம் உள்வட்டச் சாலை, மறுபுறம் கிண்டித் தொழிற்பேட்டை, இடையில் நெருங்கிய குடியிருப்புகள் என அமைந்த இப்பகுதி, வினாநிரல் கற்பனைசெய்யும் அமெரிக்கப் புறநகரினின்றும் பெரிதும் வேறுபட்டது.

முதல் வினா மரப்பலகைத் தரையைச் சமதரைக்கு எடுத்துக்காட்டாகத் தருகிறது. சென்னை வீடுகளில் சிமென்ட், மொசைக், டைல்ஸ் தரைகளே உள்ளன. டைல்ஸ் ஈரம் பட்டால் வழுக்கும். எளிதினும் எளிதாக இருக்கவேண்டிய முதல் வினா 'டைல்ஸ் தரை' என்றவுடன் கடினமான வினாவாகிவிடும். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பதும், வெளியில் செருப்போடு நடப்பதும் மூலம் கருதாத வேறுபாடு. 'வீட்டுக்குள் ஈரமில்லாத சமதரையில்' என்பது பொருந்தும்.

இரண்டாம் வினாவின் புல்தரை, கால் பதிந்து சற்றே அமிழும் சீரற்ற பரப்பைக் குறிக்க வந்தது. நம் பூங்காக்களில் புல்தரை பெரும்பாலும் மிதிக்கக்கூடாத இடம். அதில் நடக்கலாமா என்பது திறனைவிட விதியைப் பற்றிய வினாவாகிவிடும். கடற்கரை மணல் மிகக் கடினமானது. 'மேடுபள்ளமான மண்தரை' என்பதே இணையான தேர்வு. சாலையோரமும் கோயில் வெளிப்பிராகாரமும் அதற்கு எளிதில் எடுத்துக்காட்டாகும்.

மூன்றாம் வினாவில் வரும் தடை 'தடங்கல்' எனப் பெயர்க்கப்பட்டால் காரியத் தடை என்னும் பொருள் முந்திவரும். 'தாண்டுதல்' என்றால் குதித்தல் என்றும் கொள்வர். கிடப்பவரையும் நூலையும் உணவையும் தாண்டலாகாது என்னும் பழக்கமும் குறுக்கிடும். தமிழ் வீட்டில் முதியவர் நாள்தோறும் கடக்கும் தடை ஒன்றுண்டு: நிலைவாசற்படி. அதனை மிதிக்காமல் கடப்பது மரபாதலால், காலை உயர்த்தி வைத்தே தீரவேண்டும். மூல வினா அளக்க விரும்பும் உடலியக்கம் இதுவே. ஆயினும் புதிய அடுக்ககங்கள் சிலவற்றில் உட்கதவுகளுக்கு அப்படி இருப்பதில்லை. எனவே 'வாசற்படி போல வழியில் உயரமாக உள்ள ஒன்றைக் காலைத் தூக்கி வைத்துக் கடந்து' என விரித்துரைத்தல் தகும்.

நடைபாதை விளிம்புக்குப் பேச்சில் தனிச்சொல் இல்லை. 'பிளாட்பாரம்' என்பதே வழக்கு. 'பிளாட்பாரத்தில் ஏற', 'பிளாட்பாரத்திலிருந்து இறங்க' என்றே வினா அமையவேண்டும். தூய சொல்லைத் தேடி 'நடைமேடை' என்றால் இரயில் நிலையம் நினைவில் எழும். இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறிமுறை விளிம்பின் உயரம் 150 மி.மீ.க்கு மிகலாகாது என்கிறது. சென்னை மாநகராட்சியும் 2014ஆம் ஆண்டு மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்று நடப்போருக்கு முதன்மை தர முனைந்தது. ஆயினும் உயரம் தெருவுக்குத் தெரு மாறுபடுகிறது. சாலைகள் மேல்மேல் போடப்பட்டு உயர்ந்த இடங்களில் வீட்டு வாசலே தெருவைவிடத் தாழ்ந்திருப்பதும் உண்டு. ஆகவே குறைந்த மதிப்பெண் முதியவரின் நம்பிக்கைக் குறைவை மட்டுமன்றித் தெருவின் குறையையும் காட்டக்கூடும். இவ்விரண்டையும் பிரித்தறிய, 'ஒரு சாண் உயரமுள்ள பிளாட்பாரம்' எனக் கையால் அளவு காட்டிக் கேட்பது நன்று. சாண் என்னும் அளவு ஏறத்தாழ ஒன்பது அங்குலமாதலால் நெறிமுறை உயரத்தைவிடச் சற்று மிகுதி. 'முக்கால் சாண்' என்பது அதற்கு அணுக்கமானது.

கைப்பிடி பற்றிய நான்கு வினாக்களில் 'கைப்பிடி' என்பது தனித்து நில்லாது. கைப்பிடிச் சுவரா, கைப்பிடிக் கம்பியா என்னும் ஐயம் எழும். சென்னையின் பழைய அடுக்ககங்களில் விரல்கள் பற்ற இயலாத அகன்ற சுவரே மிகுதி. பற்றிக்கொள்ளல் என்னும் செயலே வினாவின் உயிர். எனவே 'கம்பியைப் பிடித்துக்கொண்டு', 'எதையும் பிடிக்காமல்' என வினையால் கூறுவதே தெளிவு.

இறுதி வினாவின் அரை மைல் ஏறத்தாழ 800 மீட்டர். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மெட்ரிக் முறை இந்தியாவில் புகுந்தது. மூத்தோர் சிலர்க்கு 'நாலு பர்லாங்' இன்னும் பொருளுடையது; அடுத்த தலைமுறைக்கு அது வெற்றொலி. 'இரண்டு பஸ் ஸ்டாப் தூரம்' என்பது எல்லார்க்கும் விளங்கும். ஆனால் தூரம் இடத்துக்கிடம் மாறும். வினவும் பகுதியில் 800 மீட்டரை முன்னரே அளந்து, அவ்வூரார் அறிந்த இரண்டு இடங்களைச் சொல்லிக் கேட்பதே தக்க வழி.

7. எண்ணும் அளவும்

பத்துக்கு எத்தனை என்னும் வினா பள்ளியறிந்தோர்க்கு எளிது. ஆயினும் 'ஒன்று' என்பது இவ்வளவுகோலில் இன்மையைக் குறிக்கிறது. தமிழ்ப் பேச்சில் இன்மைக்குரியது பூச்சியம். ஒன்று என்பது சிறிதேனும் உண்மையைக் காட்டும். பள்ளி வழக்கிலோ ஒன்று என்பது முதலிடம். ஒரே எண் இல்லாமையையும் சிறுமையையும் தலைமையையும் உணர்த்தும் நிலையில் மயக்கம் நேர்வது இயல்பே.

தமிழ் பின்னச் சொற்களில் வளமுடையது. கால், அரை, முக்கால் என்பன பள்ளி செல்லாதோர் நாவிலும் துல்லியமாக வழங்குவன. நாணய வழக்கு மாறிய பின்னும் முழுமையைப் 'பதினாறணா' என்பாரும் உளர். ஆயின் இவ்வழியே விடைபெற்றால் மதிப்பெண்கள் நான்கு இடங்களில் குவியும். பத்துப் படிநிலை வெறும் தோற்றமாகிவிடும். ஏணிப் படத்தைக் காட்டும் உத்தி வேறிடங்களில் கைகொடுக்கலாம். படியேறுதல் பற்றியே வினவும் நிரலில் ஏணிப்படம் வினாவோடு குழம்பும். பத்துப் புளியங்கொட்டைகளை முன்வைத்து, 'முழுக்க உறுதி என்றால் பத்தையும் எடுத்து வையுங்கள். துளியும் இல்லையென்றால் ஒன்றை மட்டும் வையுங்கள்' எனக் கூறுவது ஏற்கத்தக்கது. பல்லாங்குழி ஆடிப் பழகிய கைகளுக்கு அது அயலானதன்று. ஒவ்வொரு வினாவுக்கும் முன் இக்குறிப்பைத் திரும்பக் கூறவேண்டும்.

8. வினவுவோரும் விடையிறுப்போரும்

தமிழ்ச்சூழலில் தன் உடல்நலத்தைத் தானே உயர்த்திக் கூறுவது வழக்கமன்று. 'ஏதோ நடக்கிறேன்' என்பது நன்றாக நடப்பவரும் கூறும் விடை. கண்ணேறு படும் என்னும் எண்ணமும் அடக்கமும் இதில் கலந்துள்ளன. இதற்கு மாறாக, 'முடியாது' என்று ஒப்புக்கொண்டால் வீட்டார் கடைக்கும் கோயிலுக்கும் தனியே விடமாட்டார்கள் என்னும் கவலையால் உயர்த்திச் சொல்வோரும் இருத்தல் கூடும். அடக்கம் எண்ணைத் தாழ்த்துகிறது. நடமாட்ட உரிமை பற்றிய கவலை அதனை உயர்த்துகிறது. இவ்விரு விசைகளும் மொழிபெயர்ப்பால் நீங்குவன அல்ல. வினவும் முறையால் குறைக்கத்தக்கவை.

மகனோ மருமகளோ உடனிருந்து 'அம்மாவால் முடியாது' என இடைமறித்து விடை கூறுவதும் எதிர்பார்க்கத்தக்கது. அவ்விடை அன்பின் வெளிப்பாடாகலாம், அளக்கப்படும் பொருளாகாது. தனியே வினவுதல் வேண்டும். விளிப்பில் 'அம்மா', 'ஐயா' என்பன நடுநிலையானவை. 'பாட்டி' என விளித்தல் அன்பின்பாற்பட்டதாயினும், அறுபத்திரண்டு வயதினரை வினாத் தொடங்குமுன்பே முதுமையின் தளர்ச்சியில் நிறுத்திவிடும்.

9. பின்மொழிபெயர்ப்பின் எல்லை

இதுகாறும் கண்ட சிக்கல்களுள் எவை பின்மொழிபெயர்ப்பில் வெளிப்படும்? 'நம்பிக்கை' என்பதை ஆங்கிலமறிந்த ஒருவர் மீளப் பெயர்த்தால் மூலச்சொல்லே திரும்பக் கிடைக்கும். அகராதிவழி சென்ற சொல் அகராதிவழியே மீள்வதால் இரண்டும் ஒத்திருப்பதாகக் குழு நிறைவுகொள்ளும். பொருள் மயக்கமோ மொழிபெயர்ப்பாளர் இருவருக்கும் இடையில் நிகழ்வதன்று. முதியவர் செவியில் நிகழ்வது. ஆகவே சிக்கலான சொல்லே பின்மொழிபெயர்ப்பில் மிகச் செம்மையானதாகத் தோன்றும் முரண் உண்டாகிறது.

புள்ளியியலும் இதனை முழுதும் காட்டாது. வினாக்கள் தம்முள் ஒத்திசைவதைக் காட்டும் கிரான்பாக் ஆல்பா கெழு, பத்து வினாக்களும் எதிர்பார்ப்பையே அளந்தாலும் உயர்ந்தே இருக்கும். மறுசோதனையில் ஒத்த விடை கிடைப்பதும் அவ்வாறே. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி அமரும் நேரச் சோதனை போன்ற உடலியக்க அளவீட்டோடு ஒப்பிடுகையில்தான் விலகல் ஓரளவு புலப்படும்.

எனவே சொல்லறிவாய்வு நேர்காணல் முதன்மை பெறவேண்டும். விடை கூறிய பின், 'ஏழு என்று ஏன் சொன்னீர்கள்?', 'எந்தப் படியை நினைத்துக்கொண்டீர்கள்?', 'காலை நம்பியா, கம்பியை நம்பியா?' என வினவி, முதியவரின் சொற்களை அவ்வாறே பதிவுசெய்தல் வேண்டும். 'கடவுள் புண்ணியத்தில்', 'ஏதோ', 'பார்த்துக்கொள்ளலாம்' போன்ற தொடர்கள் எந்தெந்த எண்ணோடு வருகின்றன என்பதைத் தொகுத்தால், வினா எங்கே திரிகிறது என்பது விளங்கும். இத்தொகுப்பை ஆராயும் பயிற்சி தமிழ்த்துறைக்கே உரியது. வல்லுநர் குழுவில் இயன்முறை மருத்துவரோடும் புள்ளியியலாரோடும் தமிழாய்வாளர் அமரவேண்டியது ஒற்றுப்பிழை திருத்துவதற்காக மட்டுமன்று.

10. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன பின்வருமாறு. 'நம்பிக்கை' என்னும் பெயர்ச்சொல் தன்திறனுணர்வையும் நல்லெதிர்பார்ப்பையும் ஒருங்கே சுட்டுவதால் முதன்மை வினாவில் தவிர்க்கத்தக்கது. 'உறுதியாகச் சொல்லுதல்', 'காலை நம்பி' என்னும் வழக்குகள் அதற்கு ஏற்ற மாற்றாகலாம். 'வேண்டி வந்தால்', 'பத்திரமாக', 'உங்களால் முடியும்' என்பன வினாத்தொடரின் அடிப்படைக் கூறுகளாக அமையத்தக்கன. நடைவெளி குறித்த வினாக்களில் பொருளைப் பெயர்ப்பதைவிட உடலியக்கத்தைப் பெயர்ப்பதே நேர்மையானது. பேச்சு வடிவம் எழுத்து வடிவத்தோடு சேர்த்தே வரையறுக்கப்படவேண்டும். இப்பரிந்துரைகள் யாவும் கள முன்சோதனைக்கு உட்பட்டே நிலைபெறத்தக்கன.

ஈக்காட்டுத்தாங்கலில் தம் வாசற்படியில் நின்று தெருவைப் பார்க்கும் முதியவர் ஒருவர், இறங்கலாமா, வேண்டாமா என ஒரு கணம் எண்ணுகிறார். அந்த ஒரு கணத்தையே இவ்வினாநிரல் அளக்க முயல்கிறது. அவர் எண்ணுவது தமிழில். அதுவும் அவருடைய தமிழில். அத்தமிழை அறியாமல் பெறப்படும் எண் எவ்வளவு துல்லியமாகத் தோன்றினும் அவருடையதாகாது.